பழைய கார் திடீர்னு நின்னுபோச்சா? கரன்ட் எந்த எடத்துல அறுந்துச்சுன்னு வீட்லயே பாக்குறது எப்படி

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். அப்பா 1995ல வாங்குன மாருதி 800 இன்னும் எங்க வாசல்ல புளியமரத்தடியிலதான் நிக்குது, கார்புரேட்டர் வண்டி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள (பிளக்குங்களுக்கு கரன்ட்ட பங்கு போடுற டப்பா) சி.பி. பாயின்ட் (கரன்ட்ட சேத்து அறுக்கிற சின்ன ஸ்விட்ச்) இருக்கிற பழைய செட்டு. போன சித்திரையில சேலத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு மத்தியான வெயில்ல திரும்பி வர்றோம், தொப்பூர் கணவாய் ஏத்தத்துல மூணாவது கியர்ல வந்துட்டிருந்த வண்டி, யாரோ சாவிய திருப்புன மாதிரி டக்குனு நின்னுபோச்சு. பின்னாடி வரிசையா லாரிங்க, வண்டிக்குள்ள அம்மாவும் ரெண்டு குழந்தைங்களும், அந்த எடத்துல நிக்கிறது எவ்ளோ ஆபத்துன்னு நம்ம ஜில்லாக்காரங்களுக்கு சொல்லவே வேணாம். ஓரமா தள்ளிட்டு அரை மணி நேரம் கழிச்சு செல்ஃப் அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்குது.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அலைஞ்சேன். ஒரு எடத்துல பெட்ரோல் பம்ப்பு மாத்துனாங்க, இன்னொரு எடத்துல கார்புரேட்டர கழட்டி ரிப்பேர் கிட்டு போட்டாங்க, அப்புறம் பிளக்கு, அப்புறம் ஃபில்டரு. வெயில்ல ஏத்தம் ஏறுனா மறுபடி அதே கதை. கடைசியில ஒரு சின்ன பல்பையும் ஒரு பழைய பிளக்கையும் வச்சு வீட்லயே நானா உக்காந்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, போனது காயிலு, அதாவது 12 வோல்ட்ட பல்லாயிரம் வோல்ட்டா ஏத்தி பிளக்குக்கு அனுப்புற சுருள். அதுலேருந்து பழைய வண்டி வச்சிருக்கிற யாரு கேட்டாலும் நான் சொல்றது இதுதான்: பார்ட்ஸ் கடைக்குப் போறதுக்கு முன்னாடி கரன்ட் எதுவரைக்கும் வருது, எங்க நிக்குதுன்னு பாருங்க, அதுவும் வண்டி மக்கர் பண்ற அந்த நேரத்துலயே பாருங்க, நல்லா ஓடுறப்ப பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

ஏரியில தண்ணி இருக்கு, கடைசி வயலுக்கு வரல, அப்ப நாம என்ன பண்ணுவோம், மடையில ஆரம்பிச்சு வாய்க்கால் ஓரமாவே நடந்து போய் எங்க ஒடைஞ்சிருக்குன்னு பாப்போம்ல, இதுவும் அதே வேலைதான். பேட்டரியிலேருந்து சாவி ஸ்விட்ச், அங்கேருந்து காயில், காயிலோட மைனஸ்லேருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயின்ட், பாயின்ட் வழியா எர்த், அதாவது பேட்டரி மைனஸோட சேந்திருக்கிற இன்ஜின், பாடி இரும்பு. இது 12 வோல்ட் பாதை. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள்ள கரன்ட் ஓடி காந்தம் ஏறும், பாயின்ட் திறந்த அந்த நொடியில காந்தம் சட்டுனு விழும், விழுறப்ப காயிலோட இன்னொரு சுத்துல இருபதாயிரம் வோல்ட் மாதிரி கெளம்பும். அது நடு ஒயர் வழியா டிஸ்ட்ரிபியூட்டர் மேல இருக்கிற மூடி, அதாவது கேப்போட நடுவுக்கு வந்து, உள்ள இருக்கிற ரோட்டார் சுத்தி சுத்தி ஒவ்வொரு பிளக் ஒயருக்கும் பங்கு போட்டுக் குடுக்கும். இது ரெண்டாவது பாதை. பாயின்ட் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற கன்டென்சர் எதுக்குன்னா, பாயின்ட் திறக்குறப்ப அங்க பொறி பறக்காம கரன்ட்ட உள்வாங்கிக்க, அது இல்லன்னா காந்தம் சட்டுனு விழாது, பிளக்குல ஸ்பார்க்கும் நோஞ்சானா இருக்கும். மூணு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.ல ஓடுனா ஒரு செகண்டுக்கு 75 ஸ்பார்க், அத்தனை தடவை அந்த சின்ன பாயின்ட் திறந்து மூடணும்னா அது தேயுறதுல ஆச்சரியமே இல்ல.

முதல்ல இது இக்னிஷன், அதாவது ஸ்பார்க் குடுக்கிற கரன்ட் பக்கத்து பிரச்சினைதானான்னு ஒரு கணக்கு போடுங்க. செல்ஃபே சுத்தலன்னா அது பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் கதை, இங்க பேசுறது அது இல்ல. செல்ஃப் நல்லா சுத்துது ஆனா எடுக்கலங்கிறது ஒரு ரகம், எடுத்து ஓடிட்டிருக்கும்போது சுவிட்ச் அணைச்ச மாதிரி டக்குனு சாகுறது ஒரு ரகம், மிஸ்ஸிங் அடிச்சு, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் எரியாம, குலுங்கிக்கிட்டே ஓடுறது இன்னொரு ரகம். டக்குனு செத்தா பெரும்பாலும் கரன்ட், இழுத்து இழுத்து திக்கித் திணறி செத்தா பெரும்பாலும் பெட்ரோல். பெரும்பாலும்னுதான் சொல்றேன், வெயில் காலத்துல பெட்ரோல் லைன்ல ஆவி அடைச்சாலும் வண்டி நிக்கும், ஆறுனா எடுக்கும், என் வண்டியில மெக்கானிக்குங்க பம்ப்பு மேல சந்தேகப்பட்டது அதனாலதான். ரெண்டையும் பிரிக்க ஒரே வழி, நின்ன எடத்துலயே ஸ்பார்க் இருக்கா இல்லையான்னு பாக்குறது.

சாமான் ரொம்ப வேண்டாம். சாதா மல்டிமீட்டர் ஒண்ணு, 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணுல ரெண்டு ஒயர் பத்த வச்சது, பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு), ஸ்க்ரூ டிரைவர், நைஸ் உப்புத்தாள், நல்லா வேலை செய்யுற பழைய பிளக் ஒண்ணு, இன்சுலேஷன் டேப். சாவி திருப்ப ஒரு ஆள் வேணும், எனக்கு என் பெரிய பையன் உக்காருவான்.

இத தாண்டிப் போயிடாதீங்க: வண்டி நியூட்ரல்ல இருக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். துண்டு, லுங்கி நுனி, சேலை முந்தானை எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக்கூடாது. செல்ஃப் அடிக்கிறப்ப பிளக் ஒயர கையில புடிக்காதீங்க, அந்த ஷாக் தூக்கி அடிச்சு கை ஃபேன்ல போய் மாட்டும். இதயத்துல பேஸ்மேக்கர் வச்சவங்க இந்த வேலை பக்கமே வரவேண்டாம். பெட்ரோல் வாடை அடிச்சா முதல்ல அது எங்கேருந்து கசியுதுன்னு பாத்து சரி பண்ணிட்டு, காத்தாட விட்டு, அப்புறமா ஸ்பார்க் டெஸ்ட் பண்ணுங்க. சாவிய ஆன்ல போட்டு மறந்துட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க, பாயின்ட் மூடுன எடத்துல நின்னிருந்தா காயில் சும்மாவே சூடாகி வெந்துபோகும்.

இப்ப வேலைக்கு வருவோம். பானெட்ட தூக்குனதும் கைய விடாம முதல்ல கண்ணால பாருங்க. நம்ம பக்கம் தோட்டத்து வீடுங்கள்ல வண்டி ஒரு வாரம் சும்மா நின்னா எலி உள்ள குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடும், ஒயர் மேல இருக்கிற ரப்பர கடிச்சு வச்சிருக்கும். கழண்டு தொங்குற ஒயர், பச்சை பூத்த டெர்மினல், எண்ணெய் கசிஞ்சு நனைஞ்ச பிளக் ஒயர், இதெல்லாம் பாக்குறதுக்கு அஞ்சு நிமிஷம்தான். பேட்டரி ஓய்வா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல்லு, 12க்குக் கீழ போனா சார்ஜ் இல்லன்னு அர்த்தம். செல்ஃப் அடிக்கிறப்பவும் மீட்டர்லயே கண்ண வைங்க, ஒன்பதரைக்குக் கீழ இறங்குனா செல்ஃபே எல்லாத்தையும் குடிச்சிடுது, காயிலுக்கு மிச்சம் இல்ல. பேட்டரியிலேருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற எர்த் ஒயர் போல்ட்டையும் கழட்டி உப்புத்தாள்ல தேச்சு மாட்டுங்க.

அடுத்தது ஸ்பார்க். சாவி ஆஃப்ல இருக்கும்போது ஒரு பிளக் ஒயர உருவி, கையில இருக்கிற நல்ல பிளக்க அதுல மாட்டி, பிளக்கோட மரை பாகம் இன்ஜின் இரும்புல நல்லா ஒட்டுற மாதிரி வைங்க, கார்புரேட்டர விட்டுத் தள்ளி வைங்க. பெயின்ட் அடிச்ச எடத்துல வச்சா எர்த் கிடைக்காது. பையன செல்ஃப் அடிக்க சொல்லுங்க. நீல நிறத்துல சட் சட்டுனு சத்தத்தோட தெறிச்சா நல்ல ஸ்பார்க், மஞ்சளா ஆரஞ்சா மெல்லிசா வந்தா நோஞ்சான். வெயில்ல நீலம் கண்ணுக்குத் தெரியாது, நிழல்ல வச்சுப் பாருங்க இல்ல சாயந்திரம் பாருங்க.

ஸ்பார்க் வரல. இப்ப ஒரு படி பின்னாடி போங்க. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்போட நடுவுல வர்ற ஒயர, அதாவது காயில்லேருந்து வர்றத உருவி, அதுல அதே பிளக்க மாட்டி மறுபடி பாருங்க. இங்க நல்லா வருது, பிளக் ஒயர்ல வரலன்னா திருடன் கேப்புக்குள்ளயோ ரோட்டார்லயோ இருக்கான். இங்கயும் வரலன்னா கேப்ப விட்டுட்டு காயிலுக்கும் பாயின்ட்டுக்கும் போகணும். இந்த ஒரு டெஸ்ட்ல பாதி பார்ட்ஸ் மேல இருக்கிற சந்தேகம் தீந்துடும், நான் ரெண்டு மாசம் அலைஞ்சதுக்கு பதில் இத முதல் நாளே பண்ணியிருக்கணும்.

காயில் பக்கம் போனா அந்த சின்ன பல்புதான் ராஜா. ஒரு ஒயர எர்த்ல மாட்டுங்க, இன்னொண்ண காயில் பிளஸ்ல வைங்க, சாவி ஆன்ல பல்பு எரியணும். எரியலன்னா ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், நடுவுல வர்ற ஒயர்னு பின்னாடி நடக்கணும். ஒரு நுணுக்கம் இருக்கு, சாவி ஆன்ல எரியுது, செல்ஃப் அடிக்கிறப்ப மட்டும் அணையுதுன்னா ஸ்விட்ச்சுக்குள்ள காண்டாக்ட் தேஞ்சிருக்கு, அப்படிப்பட்ட வண்டி செல்ஃப் அடிக்கிறப்ப எடுக்காம சாவிய விடுற நொடியில மட்டும் எடுக்கப் பாக்கும். இதுக்கு நேர் எதிரா, செல்ஃப் அடிக்கிறப்ப எடுத்து சாவிய விட்டதும் செத்துபோற வண்டியா இருந்தா, காயிலுக்கு முன்னாடி பேலாஸ்ட் ரெசிஸ்டர் (ஓடுறப்ப காயிலுக்குப் போற வோல்ட்ட குறைக்கிற தடை, செல்ஃப் அடிக்கிறப்ப கரன்ட் அத தாண்டிப் போகும்) இருக்கான்னு பாருங்க, அது போயிருக்கும். ரெசிஸ்டர் இருக்கிற வண்டியில பாயின்ட் மூடியிருக்கும்போது காயில் பிளஸ்ல ஆறேழு வோல்ட்தான் காட்டும், அத பாத்து பயந்துடாதீங்க.

பிளஸ்ல சரின்னா பல்ப காயில் மைனஸுக்கு மாத்துங்க, செல்ஃப் அடிக்க சொல்லுங்க. பல்பு மினுக் மினுக்குன்னு அணைஞ்சு அணைஞ்சு எரியணும், அப்படின்னா பாயின்ட் திறந்து மூடுதுன்னு அர்த்தம். அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா பாயின்ட் மூடவே இல்ல, இல்லன்னா மூடியும் கரன்ட் போகல, முகம் அழுக்காவோ கருகியோ இருக்கும், இல்ல உள்ள இருக்கிற சின்ன ஒயர் அறுந்திருக்கும். எரியவே இல்லன்னா காயிலோட முதல் சுத்து அறுந்திருக்கணும், இல்ல பாயின்ட் திறக்காம இருக்கணும், இல்ல கன்டென்சர் உள்ளுக்குள்ளயே எர்த் ஆகியிருக்கணும். கன்டென்சர் ஒயர மட்டும் கழட்டிட்டு மறுபடி பாத்தா அது தெரிஞ்சுபோகும்.

பாயின்ட்டுன்னு சொன்னேன்ல, கேப்ப கழட்டுனா ரோட்டாருக்குக் கீழ தெரியும். கழட்டுறதுக்கு முன்னாடி எந்த ஒயர் எந்த ஓட்டையிலன்னு டேப்புல நம்பர் எழுதி ஒட்டிடுங்க, மாருதி 800ல ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டருங்க எரியுற வரிசை) 1-3-2, பிரீமியர் பத்மினிக்கும் அம்பாசிடருக்கும் 1-3-4-2, ரெண்டு ஒயர் மாறுனா வண்டி எடுக்காது, எடுத்தாலும் கார்புரேட்டர் வழியா பட்டாசு வெடிக்கும். கேப்பு கழண்டிருக்கும்போதே ஒரு தடவை செல்ஃப் அடிச்சு ரோட்டார் சுத்துதான்னு பாத்துக்கோங்க, நடு ஒயர மட்டும் இன்ஜின் இரும்புல எர்த் பண்ணிடுங்க. மாருதி 800ல டிஸ்ட்ரிபியூட்டர கேம்ஷாஃப்ட்தான் (வால்வுங்கள திறக்கிற தண்டு) சுத்துது, கேம்ஷாஃப்ட்ட டைமிங் பெல்ட் சுத்துது, அதனால இன்ஜின் சுத்தி ரோட்டார் சுத்தலன்னா பெல்ட் அறுந்திருக்கலாம், அத்தோட நிறுத்திடுங்க, மேல செல்ஃப் அடிக்க வேண்டாம்.

பாயின்ட் முகம் ரெண்டும் சாம்பல் நிறத்துல லேசா மங்கலா இருந்தா நல்லது. ஒரு பக்கம் குழி, எதிர்பக்கம் மேடுன்னு வளந்திருந்தா, இல்ல நீலமா கருகியிருந்தா கன்டென்சர் மேல சந்தேகப்படுங்க, பாயின்ட்ட மட்டும் மாத்துனா புதுசும் சீக்கிரமே கருகும். லேசான அழுக்குன்னா உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு, அப்புறம் சுத்தமான வெள்ளைப் பேப்பர நடுவுல விட்டு உருவுங்க, கருப்பு வராத வரைக்கும். இடைவெளி பாக்க டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுல இருக்கிற கேம் மேடு, அதுல உரசுற பாயின்ட் குதிங்காலுக்கு நேரா வர்ற மாதிரி இன்ஜின சுத்தி நிறுத்தணும், பாயின்ட் முழுசா திறந்த நிலையில ஃபீலர் கேஜ் 0.4லேருந்து 0.5 மில்லிமீட்டர் வரைக்கும் லேசா உரசிக்கிட்டுப் போகணும், உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கடைசி வார்த்தை. நடுரோட்ல கேஜ் இல்லன்னா ஒரு விசிட்டிங் கார்டு தடிமன்ல வச்சு வீடு வந்து சேரலாம். குதிங்கால் உரசுற எடத்துல பட்டாணி அளவுகூட வேண்டாம், கடுகளவு கிரீஸ் போதும், அதிகமானா தெறிச்சு பாயின்ட் மேலயே விழும். இடைவெளி மாத்துனா டைமிங்கும், அதாவது ஸ்பார்க் வர்ற நேரமும், மாறும், அதையும் பாத்து வைக்கணும்.

அந்த உள் ஒயரப் பத்தி தனியா சொல்லணும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளிய இருக்கிற டெர்மினல்லேருந்து பாயின்ட்டுக்கு ஒரு மெல்லிசு ஒயர் போகும், ஆக்ஸிலேட்டருக்கு ஏத்த மாதிரி ஸ்பார்க் நேரத்த மாத்துற வேக்யூம் அட்வான்ஸ் தட்டு அசையுறப்பல்லாம் அதுவும் வளையும். வருஷக்கணக்கா வளைஞ்சு வளைஞ்சு ரப்பர் நல்லாவே இருக்க உள்ள செம்பு மட்டும் அறுந்துடும். ஐடிலிங்ல நல்லா நிக்கும், ஆக்ஸிலேட்டர மிதிச்சா சாகும். மீட்டர்ல ஓம்ஸ் வச்சு அந்த ஒயர விரலால அசைச்சுக்கிட்டே பாருங்க, ரீடிங் துள்ளுச்சுன்னா அதுதான்.

இப்ப கேப்பு கதை. கிருஷ்ணகிரியில எங்க மாமா ஒரு பத்மினி வச்சிருக்காரு, மார்கழியில எனக்கு போன் பண்ணி "காலையில மட்டும்தான்டா மாப்ள எடுக்க மாட்டேங்குது, பத்து மணி வெயில் வந்தா தானா எடுத்துக்குது, பேட்டரி புதுசு போட்டுட்டேன் அப்பவும் அப்படியேதான்"னாரு. "பேட்டரிய விடுங்க மாமா, காலையில பனி காயுறதுக்கு முன்னாடி நான் வர்றேன்"னு சொல்லி ஆறு மணிக்கே போய் நின்னேன். கேப்ப கழட்டிப் பாத்தா உள்பக்கம் வேர்த்த மாதிரி பனி. துணியில துடைச்சு டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பாத்தப்ப நடு கார்பனுக்கும் மூணாவது ஒயர் முனைக்கும் நடுவுல பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா ஒரு கருப்புக் கோடு, நகத்தால சுரண்டுனா போகல. கேப்புல மயிரிழை விரிசல் விழுந்து அதுல கரன்ட் ஓடி ஓடி கரியாயிருக்கு, காஞ்சிருந்தா சமாளிக்குது, ஈரம் பட்டா அந்தக் கோட்டு வழியாவே கரன்ட் ஓடிடுது. கேப்பு ஒண்ணு மாத்துனதோட முடிஞ்சுது. கேப்ப பாக்குறப்ப நடுவுல இருக்கிற கார்பன் குச்சி ஸ்பிரிங்ல அமுங்கி எழும்புதான்னும் பாருங்க, ரோட்டாரோட பித்தளை முனை கருகித் தேஞ்சிருக்கான்னும் பாருங்க. ரோட்டார் பிளாஸ்டிக்குல ஓட்டை விழுந்து கரன்ட் அப்படியே கீழ ஷாஃப்ட்டுக்கு இறங்குறதும் உண்டு, இன்சுலேஷன் உள்ள பிளையர்ல நடு ஒயர புடிச்சு ரோட்டார் தலைக்கு கொஞ்சம் மேல வச்சு செல்ஃப் அடிச்சா, அங்க ஸ்பார்க் பாஞ்சா ரோட்டார் போச்சு.

ராத்திரி லைட்ட எல்லாம் அணைச்சுட்டு வண்டிய ஐடிலிங்ல விட்டு பானெட்ட தூக்கிப் பாருங்க, பிளக் ஒயர்ல லீக் இருந்தா நீல நீலமா பூச்சி பறக்குற மாதிரி தெரியும். தெரியலன்னா ஸ்பிரேயர்ல ஒயர் மேல மட்டும் பனி மாதிரி தண்ணி அடிச்சுப் பாருங்க, அப்ப மிஸ்ஸிங் ஆரம்பிச்சா ஒயர் செட்டு மாத்த வேண்டிய நேரம். ஓம்ஸ்ல பாக்குறவங்க ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டுப் பாருங்க, நீளத்துக்கு ஏத்த மாதிரி சில ஆயிரம் ஓம் காட்டும், ஒண்ணு மட்டும் எதுவுமே காட்டலன்னா அது அறுந்திருக்கு.

ஓடிட்டே குலுங்குற வண்டிக்கு எந்த சிலிண்டர் சோம்பேறின்னு கண்டுபிடிக்க, வண்டிய ஆஃப் பண்ணிட்டு ஒரு பிளக் ஒயர உருவி அதுல பழைய பிளக்க மாட்டி எர்த்ல வச்சு, ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. குலுக்கல் அதிகமாச்சுன்னா அந்த சிலிண்டர் உழைச்சுக்கிட்டிருந்துச்சு, வித்தியாசமே இல்லன்னா அதுதான் சும்மா இருந்தது. அந்தப் பிளக்க கழட்டிப் பாருங்க. இளம் பழுப்பா இருந்தா நல்லது, பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா ஸ்பார்க் வரல, காஞ்ச கரியா இருந்தா பெட்ரோல் அதிகம் இல்ல ஸ்பார்க் கம்மி, எண்ணெய் பிசுபிசுன்னா அது இன்ஜின் வேலை. மாருதி 800 பிளக் இடைவெளி 0.7லேருந்து 0.8 மில்லிமீட்டர்.

என் காயிலுக்கு வர்றேன். வீட்ல வெயில்ல வண்டிய நிறுத்தி பானெட் மூடி முக்கால் மணி நேரம் ஐடிலிங்ல விட்டேன், தொப்பூர்ல நின்ன மாதிரியே டக்குனு நின்னுச்சு. உடனே ஓடிப் போய் நடு ஒயர்ல பிளக்க மாட்டுனேன், ஸ்பார்க் இல்ல. பல்ப மைனஸ்ல வச்சேன், மினுக்குது, அப்ப பாயின்ட் வேலை செய்யுது. காயில தொட்டா கை வைக்க முடியல. சாவிய ஆஃப் பண்ணி ஒயர கழட்டி பிளஸுக்கும் நடு ஓட்டைக்கும் ஓம்ஸ் பாத்தா மீட்டர் ஒண்ணுமே காட்டல, சாதாரணமா அங்க ஆறாயிரத்துலேருந்து பதினஞ்சாயிரம் ஓம் மாதிரி இருக்கணும். ஈரத் துணிய காயில் மேல சுத்தி பத்து நிமிஷம் விட்டு, நல்லா துடைச்சுட்டு மறுபடி பாத்தா எட்டாயிரத்து சொச்சம், பிளக்குல நீல ஸ்பார்க்கும் வந்துடுச்சு. உள்ள சுத்து சூட்டுல விரிஞ்சு அறுந்து, ஆறுனா சேருது. ஆறுன காயில கடையில வச்சு எத்தனை தடவை மீட்டர் பாத்திருந்தாலும் நல்லா இருக்குன்னுதான் காட்டியிருக்கும். புது காயில் வாங்குறப்ப பழசோட ஓம்ஸ்ஸ எழுதிட்டுப் போங்க, முதல் சுத்து ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கு 3 ஓம் பக்கம், ரெசிஸ்டர் வண்டிக்கு ஒண்ணரை பக்கம், ஒண்ணரை ஓம் காயில ரெசிஸ்டர் இல்லாத வண்டியில போட்டா பாயின்ட் கருகும்.

பாயின்ட்டே இல்லாத எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர் வண்டிக்கும் கேப்பு, ரோட்டார், ஒயர், காயில் டெஸ்ட் இதேதான். ஆனா அதுல ஒயர உருவி எர்த் இல்லாம சும்மா தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீங்க, போக வழியில்லாத வோல்ட்டேஜ் திரும்பி, பாயின்ட் வேலைய செய்யுற இக்னைட்டரயே கொன்னுடும். ரோட்டார் சோதிக்க ஒயர தூக்கிப் புடிக்கிற அந்த டெஸ்ட்டும் அந்த வண்டியில வேண்டாம். ஷாஃப்ட் சுத்துறத உணர்ற பிக்கப் காயில ஓம்ஸ்ல பாக்கலாம், இக்னைட்டர வேற ஒண்ணு மாட்டித்தான் பாக்கணும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்ட ஆட்டுனா லொட லொடன்னு ஆடுது, இல்ல டைமிங் லைட் வச்சு செட் பண்ண வேண்டியிருக்குன்னா அது பட்டறை வேலை, வீட்ல மல்லுக்கட்ட வேண்டாம். போறப்ப ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க: எத்தனை நிமிஷம் ஓடி நின்னுச்சு, காயில் பிளஸ்ல பல்பு எரிஞ்சுதா, மைனஸ்ல மினுக்குச்சா, நடு ஒயர்ல ஸ்பார்க் இருந்துச்சா, பிளக்குல இருந்துச்சா, சூட்டுலயா ஈரத்துலயா. அந்தத் தாள மெக்கானிக் அண்ணன் கையில குடுத்துட்டு, "அண்ணா, கார்புரேட்டர தொடாதீங்க, இங்கேருந்து பாருங்க"ன்னு சொல்லுங்க.